ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய்?

கிராபிக்ஸ் கார்டு விமர்சனம் எதைப் பார்த்தாலும் கடைசியில் ஒரு பட்டைப் படம் வரும். மேலிருந்து கீழாகப் பத்துப் பதினைந்து கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஃபிரேமுக்கு இத்தனை டாலர் என்று ஓர் எண். கார்டின் விலையை, ஓட்டிப் பார்த்த கேம்களின் சராசரி எஃப்பிஎஸ்ஸால், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் மாறி மாறி வரும் படம்) வருகிறது என்ற எண்ணால் வகுத்தால் கிடைப்பது. பட்டை சின்னதாக இருந்தால் லாபம், நீளமாக இருந்தால் நஷ்டம். இருபது நிமிட வீடியோவை நேராக அந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற ஆள் நான். யாராவது "எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று கேட்டால் அந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அதில் பொய் எதுவும் கிடையாது. உட்கார்ந்து நாள்கணக்கில் ஓட்டி, எழுதி, கூட்டிப் போட்ட எண்கள். ஆனாலும் 2025 கோடையில் அக்கா மகனுக்குக் கார்டு வாங்கக் கிளம்பியதிலிருந்து அந்தப் படம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வகுத்தலில் மேலே இருக்கும் விலைதான் நாம் கொடுக்கும் விலையா என்பது ஒரு கேள்வி. அதைவிட மோசமான கேள்வி, கீழே இருக்கும் ஃபிரேம் எல்லாக் கார்டிலும் ஒரே சரக்குதானா என்பது.

டாலர் ரிச்சி தெருவுக்கு வரும் வழி

விலையை முதலில் முடித்துவிடுகிறேன், சுலபமான பாதி அதுதான். 299 டாலர் கார்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த வகுப்பில் பெரும்பாலும் அந்த விலைதான் சொல்கிறார்கள். 2023ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கும் அதுதான், 2025ல் வந்த 5060க்கும் அதுதான். டாலர் 85 ரூபாய் என்று போட்டால் 25,415. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் பத்து ரூபாய் குறைய முப்பதாயிரம். அமெரிக்காக்காரர் சொல்லும் 299ல் அவர் ஊர் விற்பனை வரி சேராது என்பதை நாம் மறந்துவிட்டு, "அங்க இருபத்தஞ்சாயிரம், இங்க முப்பதாயிரமா, கொள்ளை" என்று கத்துகிறோம். அந்த அளவுக்குக் கொள்ளை இல்லை. எல்லாக் கார்டையும் இப்படி ஒரே எண்ணால் பெருக்கினால் பட்டைகளின் வரிசை மாறாது, படம் அப்படியே செல்லும்.

ஆனால் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவில் எதுவும் ஒரே எண்ணால் பெருகுவதில்லை. எந்தக் கம்பெனியின் சரக்கு யாரிடம் தேங்கிக் கிடக்கிறது, எது போன தலைமுறை, எதற்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை தனித்தனியாக ஏறி இறங்கும். அண்ணா சாலைப் பக்கம் நுழையும்போது ஒரு விலை, நரசிங்கபுரம் தெரு முனையில் திரும்பும்போது இன்னொரு விலை. வெளிநாட்டுப் படத்தில் கடைசியில் கிடக்கும் கார்டு இங்கே திடீரென்று நல்ல பேரமாக நிற்கும். அப்புறம் அந்தப் பழைய கேள்வி: "பில்லோடயா சார், பில் இல்லாமலா?" பில் இல்லாமல் வாங்கினால் குறையும் ஆயிரங்களைப் படத்தில் போட்டால் பட்டை அழகாகச் சுருங்கும். இரண்டாவது வருடம் கார்டு கறுப்புத் திரை காட்டும்போது, வாரண்டி கேட்க உங்கள் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நான் பில்லோடுதான் வாங்குவேன், வாங்கச் சொல்வேன். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

மூன்றாவது மாடி மெஷின்

அக்கா வீடு பெரம்பூரில். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. அக்கா மகனின் மெஷின் 2020ல் "ஆன்லைன் கிளாஸுக்கு" என்று சொல்லிக் கட்டியது. எல்லார் வீட்டிலும் அந்த வருடம் அந்தக் காரணம்தான். ஐ5 10400எஃப், பி460 போர்டு, 16 ஜிபி ரேம், 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் (விநாடிக்கு 75 ஃபிரேம் வரைதான் காட்டும்), 600 விஏ யுபிஎஸ். கார்டு மட்டும் யாரோ விற்றதை வாங்கிப் போட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 75 வாட், தனியாகப் பவர் கேபிள்கூடக் கேட்காது, போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நல்ல பிள்ளை. இப்போது அவனுக்கு இன்டர்ன்ஷிப்பில் கொஞ்சம் பணம் வந்திருந்தது. முப்பதாயிரம் பட்ஜெட்.

அக்கா சமையலறையிலிருந்தே கேட்டாள்: "இப்ப இருக்கறது ஓடிக்கிட்டுதானே இருக்கு? எதுக்கு இன்னொண்ணு?" சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம் போலத் தோன்றும் கேள்வி, ஆனால் நியாயமானது. அவன் ராத்திரி நண்பர்களோடு ஆடுவது வேலொரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அதற்குக் கிராபிக்ஸ் கார்டைவிடப் பிராசஸர்தான் முக்கியம். 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வேண்டியதை அந்தப் பழைய 1050 டிஐயே கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது அவன் ஆடும் நேரத்தில் பெரும்பகுதிக்குப் புதுக் கார்டு கொண்டுவரும் கூடுதல் பலன் கிட்டத்தட்டப் பூஜ்யம். மானிட்டர் காட்டவே முடியாத 200வது ஃபிரேமுக்கும் படத்தில் விலை போட்டு வகுத்திருப்பார்கள். போட்டிக்கு ஆடுகிறவர்கள் உள்ளீட்டுத் தாமதம் குறையும் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் அதற்கு முதலில் மாற்ற வேண்டியது மானிட்டர். மீதி நேரத்துக்குத்தான் அவனுக்குக் கார்டு வேண்டியிருந்தது: பெரிய திறந்த உலகக் கதைக் கேம்கள், 1050 டிஐயில் திறந்தால் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுபவை.

மெஷினைத் திறந்து பார்த்ததும் முதல் செலவு தலைகாட்டியது. உள்ளே இருந்த எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், கார்டுக்கான 8 பின் கேபிளே இல்லை. புது எஸ்எம்பிஎஸ் நாலாயிரத்துச் சொச்சம். விமர்சகரின் மேசையில் ஆயிரம் வாட் சப்ளை எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும், அதனால் படத்தில் அதற்கு விலை கிடையாது. எல்லாக் கார்டுக்கும் பொதுவான செலவுதானே, வரிசை எப்படி மாறும் என்று தோன்றலாம். மாறும். உதாரணத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க் கார்டு ஒன்று 60 ஃபிரேம், முப்பதாயிரம் ரூபாய்க் கார்டு ஒன்று 80 ஃபிரேம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்கு 333, 375. மலிவுக் கார்டு ஜெயித்தது. இரண்டின் மேலும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் என்று பதினைந்தாயிரம் பொதுச் செலவு ஏற்றினால் 583, 562. விலை கூடிய கார்டு ஜெயித்துவிட்டது. சுற்றியிருக்கும் செலவு ஏற ஏற, தராசு பெரிய கார்டின் பக்கம் சாய்கிறது. படம் கார்டை மட்டும் தனியாக நிறுத்தி எடை போடுவதால் இது கண்ணில் படுவதில்லை.

பட்ஜெட்டுக்குள் மூன்று வகை இருந்தன. போன தலைமுறையில் 8 ஜிபி வீடியோ மெமரி (கார்டின் சொந்த மெமரி) உள்ளது, அதற்கும் முந்தைய தலைமுறையில் 12 ஜிபி உள்ளது, அப்புறம் இன்டெலின் ஆர்க் பி580. பி580 படத்தின் செல்லப்பிள்ளை. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்தது, ஃபிரேமுக்கு விலை என்று பார்த்தால் அதை அசைக்க ஆள் இல்லை. ஒரு மாதத்துக்குள் இன்னொரு சேதி வந்தது: பழைய, மெதுவான பிராசஸரோடு போட்டால் அதன் டிரைவர் பிராசஸரை அதிகம் தின்கிறது, பல கேம்களில் எஃப்பிஎஸ் கணிசமாக விழுகிறது என்று விமர்சகர்களே திரும்பச் சோதித்துக் காட்டினார்கள். முதல் படத்தை எடுத்தது அப்போதைக்கு ஆகச் சிறந்த கேமிங் பிராசஸரில். கார்டுகளைப் பிரித்துப் பார்க்க அதுதான் சரியான முறை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விலைப் பிராசஸர் வைத்திருப்பவர் 249 டாலர் கார்டு வாங்க வருவதில்லை. வருவது 10400எஃப் வைத்திருக்கும் பெரம்பூர்ப் பையன். பி580ஐ வெளியே எடுத்து வைத்தோம்.

ஒரே சுவர், இரண்டு கார்டு

மிச்சம் 8 ஜிபியா 12 ஜிபியா. என் மெஷினில் இருந்தது அந்த முந்தைய தலைமுறை 12 ஜிபி. அவன் கல்லூரி நண்பனிடம் போன தலைமுறை 8 ஜிபி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பூர் போனேன், நண்பன் அவனுடையதைக் கொண்டு வந்தான். இந்தச் சோதனையில் மாடல் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு சிவப்புக் கட்சி (ஏஎம்டி), பச்சைக் கட்சி (என்விடியா) சண்டையில் போய் முடியும். கேமின் பெயரும் வேண்டாம், அதற்கும் ரசிகர் மன்றம் இருக்கிறது.

1080பி, எல்லா செட்டிங்கும் அல்ட்ரா, ஒரே சேமிப்பிலிருந்து தொடங்கி ஒரே தெருவில் ஒரே நடை. மூலையில் எஃப்பிஎஸ் எண். 12 ஜிபி அறுபதை ஒட்டி ஓடியது. 8 ஜிபி எழுபதைத் தாண்டியது. படம் சொன்னதும் கிட்டத்தட்ட இதே இடைவெளிதான். "முடிஞ்சுது மாமா, எட்டுதான்" என்றான். நானும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

நண்பன்தான் கவனித்தான். கேமில் ஒரு சந்தின் சுவரில் வரிசையாகப் பழைய சுவரொட்டிகள். "முதல் தடவை இதைப் படிக்க முடிஞ்சுதே?" என்றான். கிட்டே போய் நின்றோம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்தில் ஊறிய மாதிரி கறை. சில விநாடி கழித்து ஒரு சுவரொட்டி தெளிந்தது, பக்கத்தில் இருந்தது தெளியவே இல்லை. பக்கத்துக் கடையின் கதவு மரமா தகரமா என்று சொல்ல முடியவில்லை. மூலையில் எண் அசையாமல் 72 காட்டிக்கொண்டிருந்தது. செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தால், சுவர், கதவு மேலெல்லாம் ஒட்டும் படமான டெக்ஸ்சர்: அல்ட்ரா. திரும்ப 12 ஜிபியைப் போட்டு அதே சந்துக்கு வந்தோம். எழுத்து, ஆணி, கிழிந்த ஓரம் எல்லாம் இருந்தது. எண் 61.

உறுத்தலுக்கு உருவம் கிடைத்தது அங்கேதான். வீடியோ மெமரி நிரம்பினால் சில கேம்கள் திக்கித் திணறும், சில கேம்கள் ஒன்றும் சொல்லாமல் கனமான டெக்ஸ்சரை இறக்கிவிட்டு லேசானதை ஏற்றிக்கொள்ளும். இரண்டாவது வகையில் எஃப்பிஎஸ் விழாது. எண்ணும் கருவிக்கு எதுவும் தெரியாது, அது ஃபிரேமை எண்ணுமே தவிர அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. சராசரிக்குப் பக்கத்தில் ஒரு சதவீதக் கீழ்நிலை என்று இன்னொரு எண் போடுவார்கள், மிகவும் மெதுவான ஃபிரேம்கள் எப்படி என்று காட்ட. திணறல் அதில் சிக்கும். கறை சிக்காது. 2023ல் இருந்தே சில விமர்சகர்கள் இரண்டு திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைக் காட்டி வருகிறார்கள்தான். ஆனால் கடைசிப் பட்டைப் படத்துக்கு வரும்போது அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. 72 நல்ல ஃபிரேமும் 72 கறை ஃபிரேமும் அங்கே ஒரே 72.

அடுத்து, வெளிச்சத்தை நிஜம் மாதிரிக் கணக்குப் போட்டு வரையும் ரே டிரேசிங்கைப் போட்டுப் பார்த்தோம். இந்த முறை கறை இல்லை, திணறல். திரும்பும் ஒவ்வொரு முனையிலும் 8 ஜிபி ஒரு கணம் நின்று நின்று ஓடியது. நண்பன் தன் மெஷினில் இவ்வளவு மோசம் இல்லை என்று சத்தியம் செய்தான். அதையும் நம்பினேன், ஏனென்றால் அவன் போர்டு புதுசு. இந்த விலை வகுப்பில் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, 7600, பி580 எல்லாம், கார்டின் மெமரி நிரம்பினால் மீதி வந்து போகும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் பதினாறு லேனுக்குப் பதில் எட்டு லேன்தான் பயன்படுத்துகின்றன. புதுப் போர்டில் அது பெரிய விஷயம் இல்லை. பி460 மாதிரி மூன்றாம் தலைமுறை பிசிஐ போர்டில் எட்டு லேன் என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போக முடியும். 4060ன் சொந்த மெமரி விநாடிக்கு 272 ஜிபி கொடுக்கும். வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாய் திறந்தால் கொட்டும், தொட்டி காலியானால் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்; சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதில் கொடுமை, மலிவுக் கார்டுதான் எட்டு லேன். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் மலிவுக் கார்டு வாங்குகிறார். சோதனை நடப்பதோ நான்காம், ஐந்தாம் தலைமுறைப் போர்டில்.

"டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் 8 ஜிபி போதுமே" என்பார்கள். இன்றைக்கு 1080பியில் பெரும்பாலான கேம்களில் போதும், மறுக்கவில்லை. ஆனால் இறக்குவதற்கு ஆகத் தப்பான செட்டிங் அதுதான். நிழல், பிரதிபலிப்பு, பனிமூட்டம் எதைக் கூட்டினாலும் எஃப்பிஎஸ் கரையும். டெக்ஸ்சர் ஒன்றுதான், மெமரி இருந்தால் போதும், எஃப்பிஎஸ்ஸைக் கிட்டத்தட்டத் தொடாது. கேமில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே அழகு. முப்பதாயிரம் கொடுத்துவிட்டு அந்த இலவசத்தை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பெயர்ப் பலகையும் பிறப்பிக்கப்பட்ட ஃபிரேமும்

மெமரி விஷயத்தில் கம்பெனிகள் விளையாடுவது புதிதில்லை. ஜிடிஎக்ஸ் 970ல் 4 ஜிபி என்று போட்டிருந்தார்கள். அதில் கடைசி அரை ஜிபி மெதுவான பகுதி என்று 2015 தொடக்கத்தில் வெளியே வந்து, வழக்கு நடந்து, அமெரிக்காவில் கார்டுக்கு 30 டாலர் கொடுக்க என்விடியா ஒப்புக்கொண்டது. 1060ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வந்தன, மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று வாங்கினவர்கள் உள்ளே கோர்களும் 1280லிருந்து 1152 ஆகக் குறைந்திருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டார்கள். 2022ல் 4080 12 ஜிபி என்ற பெயரில் அறிவித்த கார்டைத் திட்டு தாங்காமல் வெளியிடுவதற்கு முன்பே திரும்பப் பெற்றார்கள். என்விடியா மாடல் பெயர்களில் வரும் 60 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016ன் 1060 சிப் 200 சதுர மில்லிமீட்டர், மெமரிப் பாதை 192 பிட். 2023ன் 4060 சிப் 159 சதுர மில்லிமீட்டர், பாதை 128 பிட். புதுத் தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விலை கூடுதல், சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான கேஷை நிறையப் பெருக்கியிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பலகை அப்படியே இருக்க, கடைக்குள் சரக்கு சுருங்கிக்கொண்டு வருகிறது.

அப்புறம் ஃபிரேம் ஜெனரேஷன். இரண்டு நிஜ ஃபிரேமுக்கு நடுவில் கார்டே ஒன்றை வரைந்து செருகுகிறது. என்விடியாவின் 50 வரிசை 2025ல் வந்தபோது மூன்று வரைக்கும் செருகியது. அந்த ஜனவரியில் மேடையில் நின்று 549 டாலர் 5070, 4090ன் செயல்திறனைக் கொடுக்கும் என்று சொன்னது இந்தச் செருகலை எண்ணித்தான். நல்ல வசதி, நான் வெறுக்கவில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், ஏற்கெனவே அறுபது எழுபது நிஜ ஃபிரேம் ஓடும்போது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 75க்குப் பூட்டிவிட்டு ஒன்றுக்கு ஒன்று செருகினால், நிஜ ஃபிரேம் 37தான். மவுஸ் அசைவுக்குப் பதில் அந்த 37ன் வேகத்தில்தான் வரும். அதோடு இந்தச் செருகலுக்கே வீடியோ மெமரி வேண்டும், 8 ஜிபி கார்டில் ஏற்கெனவே இல்லாத மெமரி. விலையை வகுத்துப் பார்க்க இனி எந்த ஃபிரேமை எடுப்பது?

யுபிஎஸ் கத்தும் கோடை

12 ஜிபிக்கு எதிராகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது, இதுவும் படத்தில் வராது. என் கார்டு 170 வாட், நண்பனுடையது 115. அக்காவின் முதல் கவலை கரண்ட் பில். கணக்குப் போட்டேன்: தினம் நாலு மணி நேரம் ஆடினால் அந்த 55 வாட் வித்தியாசம் இரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று யூனிட். அப்போதிருந்த 4.80 ரூபாய் அடுக்கில் அறுபத்துச் சொச்சம். அறையில் ஏசி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். 500 யூனிட்டைத் தாண்டுகிற விளிம்பில் நிற்கும் வீடாக இருந்தால் அடுக்கு மாறிப் பில் எகிறும், மற்றபடி ஈபி பில்லைக் காரணம் காட்டிக் கார்டைத் தேர்ந்தெடுப்பது வீண்.

நிஜச் சிக்கல் யுபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருக்கும், உள்ளே தாங்குவது பெரும்பாலும் 360 வாட். பிராசஸர் அறுபத்தைந்து, போர்டும் விசிறிகளும் ஓர் ஐம்பது, கார்டு 170, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் என்று கூட்டினால் 360ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 115 வாட் கார்டு என்றால் முந்நூறுக்குள். பெரம்பூரில் மே மாதச் சாயங்காலம் கரண்ட் ஒரு முறை கண் சிமிட்டினால், முதலாவதில் யுபிஎஸ் கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். இரண்டாவதில் சேமித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

வெப்பமும் அப்படித்தான். விமர்சகர் அறை இருபத்திரண்டு டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே, அக்னி நட்சத்திரத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த அறை முப்பத்தைந்தில் நிற்கும். அறை எவ்வளவு கூடுதலோ ஏறக்குறைய அவ்வளவு கார்டும் கூடுதலாகச் சுடும். அவர் 65 டிகிரி, சத்தமே இல்லை என்று பாராட்டிய கூலர் இங்கே 78ல் விசிறியை முழுதாக ஓட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து இருக்கிறது, காசும் ஆகாது. கார்டின் பவர் வரம்பை எண்பது சதவீதத்துக்கு இறக்குங்கள், எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் 75லேயே பூட்டுங்கள். எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும், வாட் நிறையக் குறையும். என் கார்டில் செய்து காட்டியபோது யுபிஎஸ்ஸில் கணிசமான இடம் மிஞ்சியது. மெமரி குறைவுக்கு இப்படி ஒரு மருந்து கிடையாது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அதுதான். வாட்டை இறக்கலாம். ஜிபியை ஏற்ற முடியாது.

பழைய கார்டு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றபோது சந்தையில் கொட்டிய கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டுவிடாது, விசிறியும் தெர்மல் பேடும் மாற்ற வேண்டி வரும், அவ்வளவுதான். சென்னையில் நான் முதலில் பார்ப்பது மானிட்டர் கேபிள் சொருகும் தகடு. அதில் துரு இருந்தால் திருவான்மியூரோ பெசன்ட் நகரோ, கடல் காற்றில் வருஷக்கணக்கில் இருந்த கார்டு. உள்ளேயும் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

அக்கா மகன் 12 ஜிபிதான் வாங்கினான், பில்லோடு, 8 ஜிபியைவிடச் சில ஆயிரம் குறைவாக. மிஞ்சியது எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனது. பட்டைப் படத்தில் அவன் கார்டு கீழே எங்கேயோ கிடக்கிறது. இப்போது அலுவலகத்தில் ஒருவர் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பற்றிக் கேட்கிறார், 2025ல் வந்தபோது 299 டாலர் சொன்ன 8 ஜிபியா, 349 டாலர் சொன்ன 16 ஜிபியா என்று. அது பதினாறு லேன் கார்டு, அவருடையது பழைய போர்டு, அந்த வரைக்கும் நல்லது. ஐம்பது டாலர் இங்கே வரியோடு ஐயாயிரம் ரூபாய். சராசரி எஃப்பிஎஸ்ஸில் பல கேம்களில் இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் ஓடும், ஃபிரேமுக்கு விலை போட்டால் 8 ஜிபிதான் ஜெயிக்கும். 16ஐ வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவர் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி, "நீங்கதானே சார் இதை அனுப்புவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.